மெல்லச் சொன்ன "போ"

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கும் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

ஒத்திகை நடக்கிற கூடம் ஒரு நீச்சல் பள்ளிக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து மருந்து கலந்த தண்ணீர் வாசனை ஏறி மூக்கிலேயே நிற்கிறது. பயிற்சியாளர் விசில் ஊதினால் மேலே நம் ஆட்கள் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் "ஆரம்பிக்கலாம்" என்று சொல்வதைவிட அந்த விசிலுக்கு மதிப்பு அதிகம். குறை சொல்ல முடியாது. விசில் காதில் விழுகிறதே.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிக்க முடியுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். கோரஸில் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் அண்ணன் மட்டும் குனிந்து காதைக் கொடுத்தார். கேட்டுவிட்டு நிமிர்ந்து, "ஏய், எல்லாரும் இடது பக்கம் தள்ளுங்கப்பா! டைரக்டர் சொல்றாங்க!" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே விசில்கூடக் கொஞ்ச நேரம் நின்றுபோனது.

அதிலிருந்து அதுவே வழியாகிவிட்டது. நான் அவர் காதில் சொல்கிறேன், அவர் ஊருக்குச் சொல்கிறார். மைக் அண்ணன் என்று எல்லாரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே சங்கடம், நான் அனுப்புவது ஒன்று, போய்ச் சேருவது வேறு. "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று நான் சொன்னால், "சொதப்பிட்டீங்க, மறுபடியும்!" என்று போகிறது.

அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். இது அவள் நாடகம். அவளே எழுதி, மெட்டுப் போட்டு, எங்கள் குழுவை வைத்து ஊர் ஊராக நடத்திய இசை நாடகம். இந்தக் குளிர் நாட்டில் இருக்கிற தமிழ்ச் சங்கம் அழைத்தது அவளைத்தான்: இரண்டு மாதம் வந்து தங்கி, இங்கு வாழ்கிறவர்களை வைத்தே மேடையேற்றிக் கொடுங்கள் என்று. சரி என்றாள். அப்புறம்தான் வயிற்றில் ஒன்று இருப்பது தெரிந்தது. ஆமாம், எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகு! விமானம் கூடாது என்றார் டாக்டர். நாடகத்தைத் தள்ளிப் போடலாம் என்றது சங்கம். அம்மாதான், "என் பொண்ணு வருவா. நாடகம் முழுக்க அவ வாயிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

வாயில் இருப்பது உண்மை. ஒன்பதாம் வகுப்போடு நின்றதிலிருந்து, பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான். நடிப்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. அந்த வேலைக்கு என் குரல் போதும். இந்த வேலைக்கு?

பிப்ரவரி 10, திங்கள்

இடது கையுறையை ரயிலில் விட்டுவிட்டேன். வலது கை பணக்காரி, இடது கை ஏழை.

பிப்ரவரி 13, வியாழன்

தங்கியிருப்பது நர்ஸக்கா வீட்டில். நாடகத்தில் அம்மா வேஷம் அவருக்குத்தான். ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டில் வேலை, அதனால் பேச்சே தூங்குகிறவரை எழுப்பாத பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தால் அவர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா? சத்தத்தையே காணோம்" என்கிறார்.

காலையில் அம்மா அழைத்தாள். அங்கே சாயங்காலம்.

"படகுக்காரன் வேஷம் யாருக்குக் கொடுத்த?"

"பல் டாக்டருக்கும்மா. அவர்தான் சங்கத் தலைவர்."

"பாடுவாரா?"

"வாயை நல்லாத் திறக்கிறார்."

அம்மா சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயோ, உள்ள இருக்கிறதும் உதைச்சுச் சிரிக்குதுடி" என்றாள். கடைசியில் வழக்கம்போல, "சரி, போயிட்டு வா."

ஒத்திகைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் போனை வைக்கும் முன் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. காரணம் விமான நிலையம். அன்றைக்கு வழி முழுக்க மூன்றாவது காட்சியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கதவு வந்ததும் என் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளி, "போ!" என்றாள். உடனே திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

விமானத்தில் பெல்ட் போட்ட பிறகு போன் வந்தது. "ஏய், வெறும் ‘போ’ன்னு சொல்லிட்டேன்டி. போயிட்டு வா. போயிட்டு வா. போயிட்டு வா." பின்னால் அப்பா, "போதும் விடு, நீ சொல்ற கணக்குக்கு அவ வந்துக்கிட்டே இருக்கணும்" என்றது கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏன் அப்படித் திரும்பி நடந்தாள்? கோபமா? பாப்பா விஷயம் தெரிந்தபோது நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அதுவா?

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரிய பாட்டை நர்ஸக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

கதை சின்னதுதான். ஆற்றங்கரையில் ஒரு ஊர், வெள்ளம் வரப்போகிறது. எல்லாரும் மேட்டுக்கு ஓடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் கடைசிப் படகில் ஏறி அக்கரைக்குப் போகிறேன், அங்கே பாடிப் பிழைக்கிறேன் என்கிறாள். அவள் அம்மா வாசலில் நின்று திட்டிப் பாடுகிறாள்.

உலையும் ஆறிப் போச்சு, போ
உன்மேல் கோபம் ஆறலை, போ
ஆறு தாண்டிப் போறவளுக்கு
அம்மா எதுக்கு, போ

ஒவ்வொரு "போ"வும் முந்தினதைவிட ஏற வேண்டும். கடைசி "போ"வில் மகள் அறை வாங்கினவள் மாதிரி ஓடிப் போய்ப் படகில் ஏறுவாள். ஊரில் இந்த வேஷம் அம்மாவுக்கு. அவள் பாடினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர் எழுந்து தன் செருப்பைத் தேடுவார்.

நர்ஸக்கா துணி மடித்துக்கொண்டே கற்றுக்கொண்டார். நடுவில், "இந்தப் ‘போ’ எந்தப் ‘போ’டா?" என்று கேட்டார்.

நான் யோசித்ததே இல்லை. "போ அக்கா, சும்மா சொல்றீங்க" என்று கொஞ்சுகிறபோதும் அதே சொல்தான். சின்னப் பிள்ளை மடியிலேயே உட்கார்ந்துகொண்டு "போ, உன்கூட டூ" என்கிறதே, அதுவும். அப்பா சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு "அட போ" என்பார், யாரையும் எங்கேயும் அனுப்பாமல். இதில் எது?

"கோபத்துல சொல்ற ‘போ’தான் அக்கா" என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, கடைவாயில் சொத்தை இருக்கும் போல என்கிறார் பல் டாக்டர். இனி அவர் எதிரில் சிரிப்பதாக இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் தடவையாக நாடகத்தை நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தோம். நான் தூரத்தில், கூடத்தின் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளம் வரும் இடம். பல் டாக்டர் ஓடி வந்து, "ஆறு உடைச்சுக்கிச்சு, ஓடுங்க!" என்று அலற வேண்டும். வந்தார். நோயாளியிடம் "கொஞ்சம் கொப்பளிங்க" என்பதுபோல, "ஆறு உடைச்சுக்கிச்சு... ஓடுங்க" என்றார். ஊர் மக்களும் மரியாதையாக "ஐயோ" சொல்லிவிட்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டு நகர்ந்தார்கள். மகள் வேஷம் போடுகிற கல்லூரிப் பெண் எப்போதும் மூச்சிரைக்க வந்து பாதி வாக்கியத்தில் கிளம்புகிறவள், அவளுக்கு அவசரம் என்றே பெயர். அவள்கூட நிதானமாகக் கிசுகிசுத்தாள்.

முடிந்ததும் மைக் அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? ஊரே முழுகப் போகுது. நாம என்னடான்னா கோமாவுல இருக்கிறவரைப் பார்க்க வந்த சொந்தக்காரங்க மாதிரி பேசிக்கிட்டிருக்கோம்."

பல் டாக்டர் கோபித்துக்கொண்டார். "நான் டைரக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரியே அச்சு அசலாத்தான் சொன்னேன்."

அப்போதுதான் உறைத்தது. வசனம், பாட்டு எல்லாவற்றையும் என் வாயிலிருந்துதான் கற்றார்கள். சொல்லோடு குரலையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டார்கள்! மைக் அண்ணனே, பேசினால் கண்ணாடி அதிர்கிறது, வசனம் என்று வந்தால் என் குரலில் பேசுகிறார். அத்தனை பேர் உடம்பிலும் நான். இப்படி ஒரு தொற்று உலகத்தில் உண்டா?

மார்ச் 1, சனி

மைக் அண்ணனே வைத்தியம் கண்டுபிடித்தார். வருகைப் பதிவு. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார், "உள்ளேன்!" என்று கண்ணாடி அதிரச் சொல்ல வேண்டும். அதிராவிட்டால் மறுபடியும். பல் டாக்டர் ஆறாவது முயற்சியில் தேறினார். நீச்சல் பள்ளியிலிருந்து ஒரு பெண் தலைமுடி சொட்டச் சொட்ட மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகு வெள்ளக் காட்சி எடுத்தோம். நிஜமாகவே ஊர் ஓடியது. ஒரு நாற்காலி உடைந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

கடைசியில் அண்ணன், "டைரக்டர்!" என்றார்.

"உள்ளேன்."

காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "டைரக்டர் இன்னைக்கு வரலை போல." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ரயிலில் வரும்போது பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதேதான். நான் "உள்ளேன்" என்பேன், டீச்சர் காதில் விழாது, வரவில்லை என்று போட்டுவிடுவார். குழுவோடு ஊர் சுற்றுவதால் நிஜமாக வராத நாட்களும் உண்டு, இரண்டும் சேர்ந்து பரீட்சைக்கே விடமாட்டோம் என்றார்கள். அம்மா வந்து பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "வந்து உட்கார்ந்திருக்கிறவளை வரலைன்னு எழுதுவீங்களா?" வெளியே வந்ததும் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, உன் குரல் தேவைப்படுற இடம் எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள். அப்படித்தான் படுதாவுக்குப் பின்னால் வந்தேன்.

அவள் கத்தலால் எனக்கு நல்லது மட்டும்தான் நடந்திருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

எல்லாரும் சத்தமாகிவிட்டார்கள், நர்ஸக்காவைத் தவிர. கத்திப் பார்த்தார், இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்குக் கோபம் வந்தா சத்தம் குறையும்டா. வார்டுலயும் அப்படித்தான். நான் மெதுவாப் பேசினா எல்லாரும் ஓடிடுவாங்க" என்றார்.

"சரிக்கா, வர்ற மாதிரி பாடுங்க. சத்தத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

பாடினார். நான் சமையலறையில் சொல்லிக் கொடுத்த அதே மெதுவில். ஏற வேண்டிய "போ" ஏறவில்லை, இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி "போ"வில் பாதி மூச்சுதான்.

அந்த இடத்தில் அவசரம் ஓட வேண்டும். ஓடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஹார்மோனியம் வாசிப்பவர் இரண்டாவது முறையும் அந்த வரியை வாசித்துக் காட்டினார். அப்போதும் நின்றாள்.

மைக் அண்ணன், "ஏம்மா, எப்பவும் ஓடிக்கிட்டே இருப்ப, இப்ப என்ன?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா இப்படிச் சொன்னா நான் எப்படிப் போறது?"



மார்ச் 5, புதன்

மெதுவான "போ" வேண்டும். ஆனால் அது கேட்டால் மகளால் போக முடியாது. போகாவிட்டால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். என்ன செய்ய? படகுக்காரர் கூப்பிடலாமா? இடி இடிக்கலாமா? எல்லாம் ஏமாற்று வேலை.

பாத்திரம் கழுவும்போது வந்தது. கை நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா திரும்பிவிட வேண்டும். நாடகத்து அம்மா. "போ" சொல்லிவிட்டு அவள்தான் முதலில் திரும்பி வீட்டுக்குள் போக வேண்டும். அவள் முகம் தெரிகிறவரை மகளால் நகர முடியாது. முதுகு தெரிந்தால்தான் கால் எடுத்து வைக்க முடியும். போகிறவளுக்கு வழி விடுவதற்காக, இருக்கிறவள் போகிறாள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவு. இடுப்பில் கை.

குழாயை மூட மறந்து தண்ணீர் வழிந்து, நர்ஸக்கா மாப்பிள்ளை சட்டை போல மடித்து வைத்திருந்த துண்டெல்லாம் நனைந்துபோனது.

மார்ச் 9, ஞாயிறு

ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். மைக் அண்ணன் போனை ஒரு நாற்காலிமேல் சாய்த்து வைத்தார். திரையில் அம்மாவின் நெற்றியும் அப்பாவின் ஒரு காதும் தெரிந்தன.

வெள்ளக் காட்சிக்கு "சபாஷ்" என்றாள். பல் டாக்டர் கும்பிட்டார். அடுத்து நர்ஸக்கா பாடினார். "சத்தம் வரலையே, வால்யூமை வைங்க" என்றது அம்மாவின் குரல். அப்பா முழுக்க வைத்திருப்பார் போல. அந்த நேரம் பார்த்து மைக் அண்ணன் தும்மினார். அங்கே ஏதோ உருண்டது. இங்கே எல்லாரும் அடக்கிக்கொண்டு சிரித்தோம். நர்ஸக்கா "போ" சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவசரம் மெதுவாகப் படகில் ஏறினாள்.

"நிறுத்துங்க" என்றாள் அம்மா. "அவளைக் கூப்பிடுங்க."

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"அம்மா, அது..."

"அந்தப் ‘போ’ல தான்டி நாடகமே நிக்குது. அவளுக்குக் குரல் இல்லைன்னா வேற ஆளைப் போடு. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன கேக்கும்? உனக்குக் கத்த வராதுங்கிறதுக்காக என் பாட்டையும் ஊமையாக்கிடுவியா?"

 சொல்ல நினைத்தது வெளியே வரவில்லை. எப்பவும் இதே கதைதானே எனக்கு! பழையபடி மாத்திடு என்றாள். தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?  அப்புறம், "போயிட்டு வா" என்று வைத்துவிட்டாள். அதை மட்டும் மறக்கவில்லை.

ஊமையாமே. சொல்லிட்டாளே. சொல்லலாமா அப்படி? அவ கத்துறதையெல்லாம் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தவ நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் மெதுவாச் சொல்றதை அவ கேக்கக் கூடாதா?

மார்ச் 10, திங்கள்

கத்தியிருக்கக் கூடாது, உங்கம்மாவுக்கு நேத்து தூக்கமே இல்லை என்று அப்பா செய்தி அனுப்பியிருக்கிறார். எனக்கும்தான் என்று எழுதி, அழித்துவிட்டு, "அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படிப்பா?" என்று அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

பழையபடி மாற்றினேன். நர்ஸக்கா பாவம், வெந்நீர் குடித்துக் குடித்துத் தொண்டையைத் திறந்து கத்தினார். ஜன்னல் அதிர்ந்தது. அவசரம் ஓடினாள். எல்லாம் அம்மா செய்கிற மாதிரியே இருந்தது, அம்மா மட்டும்தான் இல்லை.

"எப்படி?" என்றார் பல் டாக்டர்.

மைக் அண்ணன் காதைக் கொடுத்தபடி காத்திருந்தார். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ எவ்வளவு மெதுவாச் சொன்னாலும் நான் கத்திடுவேன். அது என் பொறுப்பு. ஆனா நீ ஒண்ணுமே சொல்லலைன்னா நான் எதைக் கத்துறது?"

மார்ச் 16, ஞாயிறு

காலையில் நானே அம்மாவை அழைத்தேன். நானாக அழைத்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எப்போதும் அவள்தான் முந்திக்கொள்வாள்.

"மாத்திட்டியா?"

சொன்னேன்.

"என்ன? கேக்கலை. சத்தமாப் பேசு."

"மாட்டேன்மா."

"சத்தமாப் பேச மாட்டியா, மாத்த மாட்டியா?"

"ரெண்டும்தான்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் மொத்தமாகச் சொன்னேன். நேற்று பழையபடி மாற்றிப் பார்த்தும் ஒட்டாததை. அவசரம் நகராமல் நின்றதை. முகம் தெரிகிறவரை போக முடியாது என்பதை. நடுவில் அவள் குறுக்கே பேசாதது எனக்கே பயமாக இருந்தது. கடைசியாகக் கேட்டுவிட்டேன்.

"ஏர்போர்ட்ல நீ ஏம்மா திரும்பிப் பார்க்காம நடந்த?"



"கால் வீங்கியிருந்துச்சு" என்றாள். "சீக்கிரம் போய் உட்காரணும்னு நடந்தேன்."

வைத்துவிட்டாள். "போயிட்டு வா" சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அம்மா பேசவில்லை. அப்பாவிடம் கேட்டால், "தூங்குறா" என்கிறார். எப்போது கேட்டாலும் தூங்குகிறாளாம். அம்மாவா?

மார்ச் 20, வியாழன்

மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல்பதிவு வந்தது. பின்னால் மின்விசிறி. எழுதி வைக்கிறேன், ஒரு சொல்கூடப் போய்விடக் கூடாது.

"இங்க பாரு. நான் ஒண்ணும் ஒத்துக்கலை. ஆனா செய்யறதை ஒழுங்காச் செய். அவ மெதுவாப் பாடினா கடைசி வரிசைக்குக் கேக்கணும்னா மேடையில வேற ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. கோரஸ் பொண்ணுங்க வளையலைக் கழட்டிடணும். பல் டாக்டரு துடுப்பைக் கீழ வெச்சிடணும், கையில இருந்தா ஆட்டிக்கிட்டே இருப்பாரு, பார்த்தேன். ஹார்மோனியம் கடைசி வரிக்கு வேண்டாம். கடைசி ‘போ’க்கு முன்னாடி அந்தம்மா கொஞ்சம் காத்திருக்கட்டும், ஜனங்களே காதைத் தீட்டிக்கிட்டுக் குனிவாங்க. நீ போய்க் கடைசி வரிசையில உட்கார்ந்து கேளு. உனக்குக் கேட்டுச்சுன்னா..." இங்கே கொஞ்சம் இருமினாள். "உனக்குக் கேட்டுச்சுன்னா சரி. போயிட்டு வா."

வெங்காயத் தட்டுகளுக்கு நடுவில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைக்காரர் ஒரு காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார் போல.

மார்ச் 23, ஞாயிறு

வளையல் கழற்றிவிட்டார்கள். துடுப்பு கீழே. இன்னும் ஏதோ கீச்சென்கிறது. தேடிக் கண்டுபிடித்தால் பல் டாக்டரின் புதுக் காலணி. அவர் வெறுங்காலோடு நடிக்கச் சம்மதித்தார், ஆனால் என் கடைவாய்ப் பல்லைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. காட்டினேன். சொத்தைதான்.

மார்ச் 29, சனி

முடிந்தது.

நிஜமான அரங்கம், மடக்கு நாற்காலி இல்லை, சிவப்பு இருக்கைகள். மக்கள் நிறைந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் மிட்டாய் உறையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். சரசர, சரசர. வெள்ளக் காட்சியிலும் பிரித்தார். ஒருவர் எத்தனை மிட்டாய்தான் தின்ன முடியும்?

நர்ஸக்கா வாசலுக்கு வந்தார். உலையும் ஆறிப் போச்சு, போ. சரசர. உன்மேல் கோபம் ஆறலை, போ. சரசர கொஞ்சம் குறைந்தது. அம்மா எதுக்கு... நிறுத்தினார். அம்மா சொன்ன அதே இடத்தில். மேடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு முன்னால் இருந்த தலைகள் எல்லாம் லேசாகக் குனிந்தன. மிட்டாய்க்காரர் உறையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

போ.

கேட்டது. அம்மா, கடைசி வரிசைக்குக் கேட்டது.

அக்கா திரும்பி உள்ளே போனார். அவசரம் கொஞ்சமும் அவசரப்படாமல் படகில் ஏறினாள். மிட்டாய்க்காரர் கண்ணாடியைக் கழற்றி, மிட்டாய் உறையாலேயே துடைத்தார்.

எல்லாம் முடிந்து கைதட்டல் ஓய்கிறபோது மைக் அண்ணன் மேடை முனைக்கு வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் சறுக்கி இறங்கினேன். விடவில்லையே! ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "உள்ளேன்!" "உள்ளேன்!" பல் டாக்டர் ஒரே முயற்சியில் தேறினார். கடைசியாக, "டைரக்டர்!"

அத்தனை பேரும் தேடினார்கள். அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் கத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"உள்ளேன்" என்றேன்.

மேடையிலிருந்து நர்ஸக்கா கை ஆட்டினார். கேட்டதாம்.

ஏப்ரல் 3, வியாழன்

விமான நிலையம். நர்ஸக்கா "போயிட்டு வாடா" என்று சொல்லிவிட்டு, உடனே திரும்பி நடந்துவிட்டார். சொல்லி வைத்துச் செய்கிற மாதிரி. மைக் அண்ணன் மட்டும் திரும்பவே இல்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருந்தார். கண்ணாடி தடிமன். முதல் தடவையாக அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அப்பா தனியாகத்தான் அழைத்துப் போக வந்தார். தாடி மழிக்கவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "உனக்கு முன்னாடியே ஒருத்தி வந்து இறங்கிட்டா" என்றார். "நீ லேட்."

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கச்சிக்கு அம்மாவின் குரல். பசித்தால் தெருவே விழிக்கிறது. எனக்குச் சேர வேண்டிய பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் தன் விரல்களால் என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது அதை எடுக்க மனம் வருவதில்லை, ஒரு கையாலேயே எல்லா வேலையும் செய்யப் பழகிக்கொண்டேன்.

அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு மறுபடியும் ஆட்டம். மாலையில் அப்பா ஹார்மோனியத்தைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி மூடச் சொன்னாள். தொட்டிலைப் பார்த்தாள். இப்போதுதான் தூங்க வைத்திருந்தோம்.

அப்புறம் அறையின் நடுவில் வந்து நின்று பாடினாள். அந்தப் பாட்டை. சத்தம் போடாமல். இவ்வளவு மெதுவாக அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இந்தக் கடைசி ‘போ’க்கு முன்னாடி மூச்சை இழுக்கணுமா, விடணுமா?" என்னைத்தான் கேட்டாள். கிசுகிசுவென்று.

"விட்டுடணும்மா. மிச்சம் இருக்கிறதுல சொல்லணும்."

தலையாட்டினாள். மூச்சை விட்டாள். என்னைப் பார்த்து, "போ" என்றாள். திரும்பிச் சமையலறைக்குள் போனாள்.

நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவள் முதுகு மறைகிறவரை நின்றேன்.

உள்ளேயிருந்து, "எப்படி டைரக்டர்?" என்று ஒரு கத்தல்.

தங்கச்சி விழித்துக்கொண்டாள்.